மாலைமாற்றும் மலைமாற்றும்

சென்ற வாரம் சிலேடையைப் பற்றிப் பேசினோம். இந்த வாரம் உங்கள் கையில் ஒரு பென்சிலும் ஒரு துண்டுக் கடதாசியும் இருப்பது நல்லது. காதால் கேட்டு மட்டும் அனுபவிக்கக் கூடிய விஷயமல்ல இது. காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

நான் ஒரு தமிழாசிரியன். காலையில் வகுப்பறைக்குள் நுழைந்ததும் கரும்பலகையின் மேல் மூலையில் முதலில் எழுதும் சொல் 'திகதி'. பதினைந்து வருடங்களுக்கு மேலாக எழுதி வந்தும் ஒரு நாளேனும் அந்தச் சொல்லை நான் உற்றுப் பார்த்ததில்லை. ஒருநாள் தரம் ஆறில் ஒரு பையன் எழுந்து, "சேர், இதப் பின்னாலயிருந்து வாசிச்சாலும் திகதிதான்" என்றான். வகுப்பு முழுவதும் கரும்பலகையைப் பார்த்தது. நானும் பார்த்தேன். தி, க, தி. உண்மைதான். தமிழ்நாட்டில் இதையே 'தேதி' என்பார்கள். அதில் இந்த விளையாட்டு இல்லை. இலங்கைத் தமிழுக்கு மட்டும் வாய்த்த சிறு பேறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று நான் பாடத்தை ஒதுக்கி வைத்துவிட்டேன். முன்னிருந்து வாசித்தாலும் பின்னிருந்து வாசித்தாலும் ஒன்றாகவே வரும் சொற்களைத் தேடச் சொன்னேன். 'விகடகவி' உடனே வந்தது. தெனாலிராமன் கதை கேட்காத பிள்ளை உண்டா? பிறகு 'குடகு' வந்தது, 'மேகமே' வந்தது. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவை நினைத்துக்கொண்ட ஒரு பிள்ளை 'தேரு வருதே' என்றது. இன்னொன்று 'மேளதாளமே' என்று அதற்கு வாத்தியம் சேர்த்தது. 'மாடு ஓடுமா', 'மோரு தருமோ' என்று கேள்விகளும் பிறந்தன. என் பங்குக்கு நான் ஒன்று சொன்னேன்: 'கற்க'. திருவள்ளுவர் கல்வி என்ற அதிகாரத்தைத் தொடங்கும் சொல் அது. க, ற், க. கற்பதை எந்தப் பக்கமிருந்து தொடங்கினாலும் கற்பதுதான் என்று அன்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தேன்.

உறவுமுறைகளையும் ஆராய்ந்தோம். தாத்தா சரி. மாமா சரி. பாப்பா சரி. அம்மாவும் அப்பாவும் அக்காவும் அகப்படவில்லை. "அம்மாவைத் திருப்ப ஏலாது சேர்" என்று ஒரு சிறுமி சொல்ல எல்லோரும் சிரித்தோம். ஆனால் ஏன் திருப்ப இயலாது? இலக்கணம் அங்கேதான் உள்ளே வருகிறது.

தமிழில் இந்த விளையாட்டின் அலகு எழுத்து. உயிரெழுத்து ஒன்று, புள்ளி வைத்த மெய்யெழுத்து ஒன்று, உயிர்மெய் ஒன்று. 'அம்மா' என்பது அ, ம், மா. திருப்பினால் மா, ம், அ. 'தாத்தா' என்பதோ தா, த், தா. புள்ளி எழுத்து நட்டநடுவே நிற்பதால் இருபுறமும் சமம். 'மாடு ஓடுமா' என்பதில் 'ஓ' என்ற உயிர் நடுவில் நிற்கிறது. இரண்டாவது சொல்லின் முதலெழுத்தாக இருப்பதால் அதற்கு அங்கே இடம் கிடைத்தது.

இன்னொரு தடையும் உண்டு. புள்ளி எழுத்தில் எந்தத் தமிழ்ச் சொல்லும் தொடங்காது. அப்படியானால் இருபுறமும் ஒத்து வாசிக்கும் தொடர் எதுவும் புள்ளி எழுத்தில் முடியவும் கூடாது. மரம், கல், அவன், தமிழ், மண் முதலிய எண்ணற்ற சொற்கள் கடைசியில் நிற்கும் தகுதியை இதனால் இழக்கின்றன. நம் மொழியில் இது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை ஒரு பந்தி எழுதிப் பார்த்தாலே உணர்ந்துகொள்ளலாம்.

கடதாசி வேண்டும் என்று சொன்னதற்குக் காரணமும் இதுதான். முன்னாட்களில் வீடுகளில் இருந்த ஒலிநாடாவில் 'விகடகவி' என்று பதிவு செய்து, அந்த நாடாவைப் பின்னோக்கி ஓடவிட்டால் 'விகடகவி' கேட்காது. 'இவகடகிவ்' என்பதுபோல் ஏதோ கேட்கும். 'வி' என்ற ஓர் எழுத்துக்குள் வகர மெய்யும் இகர உயிரும் அடங்கியிருக்கின்றன. நாடா அவற்றைப் பிரித்துத் திருப்பிவிடும்; நம் கண் பிரிக்காது. இது எழுத்தின் அழகு, ஒலியின் அழகன்று. மொழிக்கு மொழி இது மாறுவதும் அதனால்தான். 'மலையாளம்' என்ற பெயரை ஆங்கில எழுத்துக்களில் எழுதினால் ஒன்பது எழுத்தும் இருபுறமும் ஒத்து நிற்கும். தமிழிலோ மலையாளத்திலோ எழுதினால் ஒக்காது.

ஒரு சொல்லுக்கே இத்தனை தடை என்றால் ஒரு முழுச் செய்யுளை இப்படி அமைப்பது எவ்வளவு கடினம்! அப்படி அமைந்த செய்யுளுக்கு நம் முன்னோர் இட்ட பெயர் 'மாலைமாற்று'. பூமாலையை எந்த முனையிலிருந்து தடவிக்கொண்டு போனாலும் அதே மாலைதான். எழுத்துக்களை அப்படித் தொடுத்திருப்பதால் அந்தப் பெயர். தண்டியலங்காரம் தன் மூன்றாம் பகுதியாகிய சொல்லணியியலில் சித்திரகவிகளை வரிசைப்படுத்தும்போது கோமூத்திரி, நாகபந்தம், சுழிகுளம் முதலியவற்றோடு மாலைமாற்றையும் சேர்த்திருக்கிறது.

ஆனால் தண்டியலங்காரத்துக்குச் சில நூற்றாண்டுகள் முன்னரே, ஏழாம் நூற்றாண்டில், திருஞானசம்பந்தர் இதைப் பாடிக் காட்டிவிட்டார். மூன்றாம் திருமுறையில் 117ஆம் பதிகம் 'திருமாலைமாற்று' என்றே பெயர் பெற்றது. தம் சொந்த ஊராகிய சீர்காழிக்குப் பாடியது. பதினொரு பாடல்கள், ஒவ்வொன்றும் இரண்டே அடிகள். இரண்டாம் அடி முழுவதும் முதலடியைப் பின்னிருந்து எழுதியதுபோல் அமையும். வாசித்துப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். அந்தப் பாடல்களில் புள்ளி எழுத்தைக் காண்பது அரிது. நெட்டெழுத்துக்கள் அலையலையாக வரும். சற்று முன்னர் சொன்ன தடைகளுக்கு அந்தப் பெருமகன் கண்ட வழி அது. உரையாசிரியர் துணையின்றிப் பொருள் விளங்காது என்பதும் உண்மை. அதே திருமுறையில் ஆறு பதிகங்கள் தள்ளி, 123ஆவதாக, நமது திருகோணமலைப் பதிகம் இருக்கிறது. அங்கே எளிமையும் தெளிவும் ததும்பும். கடினமாக எழுதத் தெரிந்தவர் எளிமையாகவும் எழுதினார் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சித்திரகவியை வெறும் சர்க்கஸ் வித்தை என்று ஒதுக்குவோர் உண்டு. நானும் பட்டதாரி மாணவனாக இருந்தபோது அப்படித்தான் நினைத்தேன். திருப்பி வாசிப்பதால் என்ன பயன் என்று கேட்டவன் நான்.

திருப்பி வாசிப்பதால் பொருளே மாறும் சொற்களும் உண்டு. 'வாசி' என்பதைத் திருப்பினால் 'சிவா'. மூச்சை வாசி என்று குறிப்பிடும் சித்தர் மரபில் இதற்குப் பெரிய மதிப்பு. வேடனாக இருந்த வால்மீகி 'மரா மரா' என்று உச்சரித்து 'ராம ராம' என்பதில் சென்று சேர்ந்தார் என்ற கதையும் நாம் அறிந்ததே. பதினாறாம் நூற்றாண்டில் சூரியகவி என்ற வடமொழிப் புலவர் ஒரு காவியமே செய்தார். அதன் பெயர் இராமகிருஷ்ண விலோம காவியம். நேரே வாசித்தால் இராமன் கதை. பின்னிருந்து வாசித்தால் கிருஷ்ணன் கதை. போகும் வழியில் ஓர் அவதாரம், திரும்பும் வழியில் வேறோர் அவதாரம்!

இனி ஒரு சதுரம். கடதாசியில் 'சிவாஜி' என்று எழுதுங்கள். அதன் கீழே 'வாயிலே'. அதன் கீழே 'ஜிலேபி'. இப்போது மேலிருந்து கீழாக வாசியுங்கள். அதே மூன்று சொற்கள்! நம் சிறுவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் இந்த வேடிக்கைக்கு ஒரு மிகப் பழைய அண்ணன் உண்டு. இத்தாலியில் பொம்பெய் என்ற நகரம் கி.பி. 79ஆம் ஆண்டில் வெசூவியஸ் எரிமலை கக்கிய சாம்பலுக்குள் புதைந்துபோனது. அங்கே மண்ணை அகழ்ந்தபோது, 1936இல், ஒரு தூணில் இலத்தீன் எழுத்துச் சதுரம் ஒன்று கீறியிருக்கக் கண்டார்கள். ஐந்து சொற்கள், சொல்லுக்கு ஐந்து எழுத்துக்கள். இடமிருந்து வலம், வலமிருந்து இடம், மேலிருந்து கீழ், கீழிருந்து மேல், எப்படி வாசித்தாலும் ஒன்றே. அந்த ஐந்தில் ஒரு சொல்லுக்கு 'விதைப்பவன்' என்று பொருள். நடுச் சொல்லுக்கு 'பிடித்திருக்கிறான்' என்று பொருள். எழுதியவன் யாரென்று தெரியாது. ஊர் புதைந்தது. அவன் கீறிய எழுத்து அந்த இடத்திலேயே இருந்தது.

ஊர் புதைந்தது என்ற சொற்களை எங்கள் பகுதியில் ஒருவர் இலேசாகச் சொல்லிவிட முடியாது.

கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்த தோட்டம். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி, புதன்கிழமை காலை, மலை சரிந்து லயங்களின்மேல் விழுந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பலருடைய உடல்கள் கடைசிவரை மீட்கப்படவில்லை. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அங்கிருந்து அகற்ற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் முன்னறிவித்தல் கொடுக்கப்பட்டிருந்தது. அந்தக் காலையில் பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் பலர் தப்பினார்கள். போன வழியே திரும்பி வந்தார்கள். அதே படிக்கட்டு, அதே வளைவு, அதே தேயிலைச் செடிகள். வழியின் முடிவில் வீடு இருக்கவில்லை.

அந்தக் குடும்பங்கள் ஏறக்குறைய இரண்டு வருடங்கள் தற்காலிக இடங்களில், தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில்கூட, வாழ்ந்தன. பின்னர் 2016இல் மக்கல்தெனியவில் புதிய வீடுகள் கிடைத்தன.

இதற்கு இரண்டு வருடங்களின் பின், தரம் பத்துக்கு நான் ஒரு தவணைப் பரீட்சை வைத்தேன். 'நேராகவும் திருப்பியும் வாசிக்க ஒன்றாகவே அமையும் செய்யுள் எப்பெயர் பெறும்?' என்பது ஒரு வினா. விடைத்தாள்களை இரவில் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு தாளில் 'மலைமாற்று' என்று எழுதியிருந்தது. மகரத்துக்கு அரவு போட மறந்த பிழை. சிவப்புப் பேனாவை வைக்கப் போனவன் தாளின் மேலே சுட்டெண்ணைப் பார்த்தேன். யாருடைய பிள்ளை என்று தெரிந்தது. மீரியபெத்தையிலிருந்து வந்த குடும்பம்.

பேனாவை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். தோட்டத்தில் 'மலை' என்பதற்குப் பொருள் ஒன்றல்ல. கொழுந்து பறிக்கும் தேயிலைப் பகுதியும் மலைதான். "இன்னைக்கு எந்த மலை?" என்றுதான் காலையில் பெரட்டுக்களத்தில் கேட்பார்கள். வேலை இடத்தை மாற்றினால், "மலைய மாத்திட்டாங்க" என்பார்கள். என் பாட்டி வாயில் ஆயிரம் தடவை கேட்ட சொல் அது. இந்தப் பிள்ளைக்கோ குடியிருந்த மலையே மாற்றப்பட்டது.

மறுநாள் தாளைக் கொடுக்கும்போது அந்த அரவை மட்டும் பென்சிலால் இட்டிருந்தேன். புள்ளி கொடுத்திருந்தேன். வகுப்பு முடிந்ததும் பிள்ளை வந்து நின்றது. "அரவு மறந்து போச்சு சேர். எங்க வீட்டுல மலைய மாத்துனதப் பத்தியே பேசிக்கிட்டு இருப்பாங்க, அதான் கை அப்பிடியே எழுதிருச்சு" என்றது. "பரவாயில்ல" என்றேன். வேறு என்ன சொல்வது?

மலைமாற்று என்ற சொல் தமிழ் அகராதியில் இல்லை. ஆனால் எங்கள் மக்களின் வரலாற்றுக்கு அதைவிடப் பொருத்தமான தலைப்பை நான் கண்டதில்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கடல் தாண்டி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து இந்த மலைகளுக்கு ஏறியவர்கள் எம் முன்னோர். பின்பு 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு. மூன்று இலட்சம் பேர் இங்கே. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை இரண்டு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொள்வதென்று 1974இல் முடிவு செய்தார்கள். மீரியபெத்தையில் மண் சரிந்த நாள் அந்த ஒப்பந்தத்துக்கு ஐம்பது வருடங்கள் நிறைவதற்கு முந்திய நாள்.

என் தந்தையின் அக்கா குடும்பம் எழுபதுகளில் போனது. மலையிலிருந்து ரயில், தலைமன்னாரிலிருந்து கப்பல், இராமேஸ்வரம், மண்டபம் முகாம். வந்த வழியை அப்படியே திருப்பி வாசித்ததுபோல் இருந்தது அந்தப் பயணம். போய்ச் சேர்ந்த இடம் நீலகிரி. தாயகம் திரும்புவோருக்கு வேலை கொடுப்பதற்கென்று தமிழ்நாட்டு அரசு 1968இல் அங்கே தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியிருந்தது. இங்கே கொழுந்து பறித்த அத்தை அங்கேயும் கொழுந்து பறித்தார். தேயிலை, கடல், தேயிலை. நடுவில் கடலை வைத்து இருபுறமும் ஒத்து வாசிக்கும் வாழ்க்கை.

ஒத்தது அது மட்டுமல்ல. இங்கே குடிசன மதிப்பீட்டில் எங்களை 'இந்தியத் தமிழர்' என்று எழுதினார்கள். அங்கே போனவர்களை அயலவர்கள் 'சிலோன்காரர்' என்று அழைத்தார்கள். இந்தக் கரையிலிருந்து வாசித்தாலும் அந்தக் கரையிலிருந்து வாசித்தாலும் பொருள் ஒன்றே: நீ எங்கள் ஊரவன் அல்லன்.

திருப்பி வாசிப்பதால் என்ன பயன் என்று கேட்ட அந்தப் பழைய மாணவனுக்கு இப்போது என்னால் பதில் சொல்ல முடியும். நேரே வாசிக்கும்போது நாம் சொல்லை விழுங்கிக்கொண்டு ஓடுகிறோம். திருப்பி வாசிக்கும்போது ஒவ்வோர் எழுத்திலும் நின்று போக வேண்டியிருக்கிறது. பதினைந்து வருடங்கள் 'திகதி' எழுதியும் அதை நான் பார்க்கவில்லை. திருப்பி வாசித்த ஒரு சிறுவன் பார்த்தான். ஒரு பிள்ளை விட்டுவிட்ட அரவை நான் பிழையாக மட்டும் பார்த்திருப்பேன். நின்று பார்த்ததால் அதற்குப் பின்னால் ஒரு மலை தெரிந்தது.

அந்தத் தவணையின் கடைசி நாளில் தரம் பத்திலும் மாலைமாற்றுச் சொற்களைத் தேடச் சொன்னேன். நான் மேலே சொன்ன பழைய சொற்களே பெரும்பாலும் வந்தன. மலைமாற்று எழுதிய பிள்ளை மட்டும் கரும்பலகைக்கு வந்து ஒரு சொல் எழுதியது: 'தேயாதே'.

தே, யா, தே. நான் அதுவரை எந்தப் புத்தகத்திலும் காணாத மாலைமாற்று. "எப்பிடிக் கண்டுபிடிச்ச?" என்று கேட்டேன். "தேயிலைக்கு என்ன வருதுன்னு பாத்தேன் சேர். தேயிலை திரும்பல. தே மட்டும்தான் திரும்பிச்சு" என்றது.

அன்றைய திகதிக்குப் பக்கத்திலேயே அந்தச் சொல் இருந்தது. விடுமுறை முடிந்து வரும்வரை அதை யாரும் அழிக்கவில்லை.

நேயர்களே, உங்கள் தோட்டத்துப் பேச்சிலும் ஊர்ப் பேச்சிலும் இப்படிச் சொற்கள் ஒளிந்திருக்கும். பாட்டிமாரிடம் கேளுங்கள், பிள்ளைகளோடு உட்கார்ந்து தேடுங்கள். ஓர் எழுத்துக்கு மேல் ஓர் எழுத்தாகப் பொறுமையாகத் திருப்பிப் பாருங்கள். அடுத்த வாரம் மாலைமாற்றின் தம்பியாகிய சுழிகுளத்தைப் பார்ப்போம். அதற்கும் கடதாசி வேண்டும். வணக்கம்.